பத்திரம் பதிவாகிவிட்டால் வீடு நம்முடையதா?

வீடு வாங்குவோரும் விற்போரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பல. பெரும்பாலானவை ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால், வீடு யாருடையது என்பதை அரசே ஆராய்ந்து உறுதி செய்துவிட்டது என்பதுதான் அந்த நம்பிக்கை. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை எதையும் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் விற்க முடியும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுவது உண்மைதான். ஆனால் விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையாகவே உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குத் தரவில்லை என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. ஆகவே, உரிமையை ஆராயும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரையே சேர்கிறது.

“வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது, இது போதாதா?” என்பது அடுத்த கேள்வி. ஒரு சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியலான வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்க முடிவது பெரிய வசதி. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, சொத்து விவரம், நான்கு எல்லைகள் ஆகியவை இருக்கும். முதல் பதிவில் எழுதி வாங்கியவராக இருப்பவர் அடுத்த பதிவில் எழுதிக் கொடுத்தவராக வருகிறாரா என்று விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். எங்கே அந்தத் தொடர் அறுகிறதோ அங்கே ஒரு மரணமோ, பதிவாகாத பாகப்பிரிவினையோ, உயிலோ ஒளிந்திருக்கக்கூடும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்க்கும்படி நான் எப்போதும் வற்புறுத்துகிறேன்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. வில்லங்கச் சான்று நாம் கொடுக்கும் சர்வே எண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லும். இன்று 112/3ஏ1 என்று உட்பிரிவாகியிருக்கும் மனை, முன்பு வெறும் 112/3 என்ற எண்ணில் அடங்கியிருந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம். அந்த ஊர் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், பதிவு செய்யப்படாத உயில், வாய்மொழி ஏற்பாடு, குடியிருப்பவரின் உரிமை, வாரிசுகளின் பங்கு, நிலுவையில் உள்ள பல வழக்குகள் ஆகியவை அந்தச் சான்றில் தெரிவதில்லை.

வங்கிக் கடனை அடைத்துவிட்டதாக விற்பவர் சொன்னாலும் வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்பது அடிக்கடி காணும் நிலை. கடன் எடுக்கும்போது வீட்டின் அசல் ஆவணங்களை வங்கியிடம் ஈடாக வைத்ததைக் காட்டும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரம் பதிவாகியிருக்கும், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கடன் முழுவதும் அடைபட்ட 30 நாட்களுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்த நடைமுறை 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. எனவே “ஆவணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது” என்ற பதிலை நெடுநாள் ஏற்றுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட நான் கவலையோடு பேசுவது வாரிசுகளைப் பற்றித்தான். நான் பார்த்த வழக்குகளில் மிகுதியானவை இங்கேதான் முளைக்கின்றன. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை விட்டு, உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்துபோனால், 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயாருக்கும் சமபங்கு உண்டு. மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றுவிடுவார்கள், உயிரோடு இருக்கும் பாட்டியை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவரும் பின்னர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பங்காளிகளாகிவிடுவார்கள். வாங்கியவர் இவர்களைப் பார்த்துக்கூட இருக்க மாட்டார்.

மகள்களைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. “நகை போட்டு, சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவர்களுக்கு என்ன பங்கு?” என்று விற்பவர் சொல்வது வழக்கம். சீரும் நகையும் சட்டப்படியான பங்குக்கு ஈடாவதில்லை. தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கு 1956-இலிருந்தே சமபங்கு இருக்கிறது. பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம், அந்த நாளுக்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்பால் உரிமை தந்தது. 2005-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினை, விற்பனை போன்றவற்றை மட்டும் அது தொடுவதில்லை. ஆகவே மகள்கள் கிரயப் பத்திரத்தில் தாமே கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். வாரிசுதாரர்களில் ஒருவர் மைனராக இருந்தால், தாயே கையெழுத்துப் போட்டாலும் அது போதாது. நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அனுமதியின்றி விற்றதை அந்தப் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். யார் யார் வாரிசுகள் என்று அது காட்டுமே தவிர, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்காது.

உரிமையாளர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை, அதாவது பொது அதிகாரப் பத்திரத்தை, நம்பி வாங்குவோருக்கும் ஒரு சொல். பொது அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்து கிரயத்துக்கு ஈடாகா என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வைத்திருப்பவர் எழுதிக் கொடுக்கும் கிரயம் செல்லும்; ஆனால் பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும், பவரும் ரத்தாகாமல் இருக்க வேண்டும். பவர் கொடுத்தவரை நேரில் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

பட்டாவைப் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். அது வருவாய்த்துறையின் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல. ஆனால் விற்பவர் பெயரில் பட்டா இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்காமல் நகரக் கூடாது. பத்திரத்தில் “கீழ்மேல் தெருவுக்கும் வடக்கு, தென்வடல் பாதைக்கும் மேற்கு, இதற்குள்பட்ட மனை” என்று எழுதியிருக்கும் எல்லையை, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நின்று பாருங்கள். நில அளவை வரைபடத்திலுள்ள அளவுகளையும் டேப்பை வைத்துச் சரிபாருங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி இருந்து இடத்தில் 1,130 மட்டும் இருந்தால், அதை ஒப்பந்தத்துக்கு முன் பேசினால் விலை குறையும், பின் பேசினால் சண்டைதான் வரும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்று தயங்குவோர் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு, நிலம் தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. விற்பவர் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டுகள்தான் கெடு. அந்த வழக்கில் வாங்குபவர், தாம் பணத்தோடு எப்போதும் தயாராக இருந்ததைக் காட்ட வேண்டும்.

பதிவுச் செலவு பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்ட வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5,40,000 ரூபாய் ஆகும். பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து வருமான வரித்துறைக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால் பிடித்தம் வேறு, அதிகம். தணிக்கையாளரைக் கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

செலவைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, நாளை உரிமையில் குறை வெளிப்பட்டு விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் உள்ள தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பது மிகக் கடினம்.

விற்பவர்களின் கேள்விகளை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, மீதிப் பணம் முழுவதும் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே கையெழுத்திடுங்கள் என்பதுதான். பதிவு முடிந்தபின் பணம் வரவில்லை என்று ரத்துப் பத்திரம் எழுதிவிட முடியாது. ஒருவர் மட்டும் தன்னிச்சையாகக் கிரயத்தை ரத்து செய்ய இயலாது என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கிப் பணத்துக்கு அந்த வீட்டின் மீது பொறுப்புரிமை, அதாவது வீட்டையே ஈடாகக் கொண்டு வசூலிக்கும் உரிமை, உண்டு, ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். சொத்தில் வெளிப்பார்வைக்குத் தெரியாத குறை இருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவதும் விற்பவரின் சட்டக் கடமை.

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும், பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். கூடவே, உங்கள் பெயர் ஏறிய புதிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, பெயரின் எழுத்து, சர்வே எண், எல்லைகள், அளவு எல்லாவற்றையும் வரிவரியாகப் படியுங்கள். தவறு ஏதும் பத்திரத்திலேயே இருந்தால், விற்றவரும் அதே ஊரில், அதே நல்லுறவோடு இருக்கும் அந்த வாரத்திலேயே பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.