டாஹோ ஏரிக்குப் போறவங்க கவனத்துக்கு

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா நண்பர்களே, கலிஃபோர்னியா-நெவாடா எல்லையில இருக்குற இந்த மலை ஏரியோட தெளிஞ்ச தண்ணியைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. கைக்கு எட்டுற மாதிரி தெரியுற பாறை இருபதடிக்குக் கீழ கிடக்கும். ஏரியோட அதிகபட்ச ஆழம் 501 மீட்டர். உயரம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,897 மீட்டர், கொடைக்கானலை விடக் கொஞ்சம்தான் கம்மி. நாலு கை போட்டாலே மூச்சு வாங்கும். நல்ல தண்ணி வேற, கடல் மாதிரி உடம்பைத் தூக்கிக் கொடுக்காது.

ஆகஸ்ட்லகூட மேல்தண்ணி 20 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். ஜூன்ல கேக்கவே வேண்டாம். குதிச்ச உடனே நெஞ்சு இறுகி, நம்மளைக் கேக்காமலே மூச்சை உள்ள இழுப்போம். தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது அது நடந்தா உயிருக்கே ஆபத்து. அதனால படகுல இருந்து டைவ் வேண்டாம். கரையில இருந்து மெதுவா இறங்கி, முகத்துல தண்ணி தெளிச்சு, மூச்சு சீரான அப்புறம் நீந்துங்க. கிணத்துல குதிச்சு வளர்ந்த நம்ம மதுரைப் பங்காளிங்க இதைக் கேட்டு சிரிக்கிறாங்க. சிரிங்கய்யா, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுச் சிரிங்க!

காயக் (சின்னத் துடுப்புப் படகு), பேடில்போர்டு (நின்னுக்கிட்டே துடுப்பு போடுற பலகை) எல்லாம் காலையிலேயே முடிச்சுடுங்க. மதியம் தென்மேற்குக் காத்து கிளம்பிட்டா பலகை நடு ஏரிக்குப் போயிடும். ஏரியை நீளவாக்குல, சுமார் 34 கி.மீ., நீந்திக் கடக்குறவங்க பலர் ராத்திரியிலேயே இறங்குறதும் இந்தக் காத்துக்குப் பயந்துதான். (அந்த இருட்டுல, அந்தக் குளிர்ல! நமக்கு வேண்டாம்ப்பா.)

சனிக்கிழமை காலை இந்த ஏரியோட எமரால்டு பே வளைகுடாவுக்குப் போறோம். காயக்ல ஒரு இடம் காலி. யாராவது வர்றீங்களா?