இரண்டு மில்லிமீட்டருக்காக ஒன்றரை மாதம்: அபார்த் புன்டோவுக்கு ஸ்டெப்னி தேடிய கதை

செல்லம்பட்டி தாண்டி, இரவு பத்தரை மணிக்கு, என் அபார்த் புன்டோவின் (ஃபியட் புன்டோ காரின் வேகமான ரகம்) முன்பக்க இடது டயர் ஒரு பள்ளத்தில் இறங்கிப் பக்கவாட்டில் கிழிந்தது. தேனியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் மனைவி, அத்தை, தூக்கத்தில் மகள். பஞ்சருக்கெல்லாம் நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஜாக்கியைப் போட்டோமா, ஸ்டெப்னியை மாட்டினோமா, பதினைந்து நிமிடம். போல்ட்டுகள் நான்கும் கையாலேயே ஏறின. ஸ்பேனர் வைத்து இறுக்கும்போதுதான் தெரிந்தது, டிஸ்க் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) போய் உட்காரவே இல்லை. உள்பக்கம் பிரேக் கேலிப்பரில் (பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் பாகத்தில்) இடித்துக்கொண்டு நிற்கிறது.

(டிஸ்க் என்று நான் எழுதுவதெல்லாம் நம் ஊர் டயர் கடை டிஸ்க், அதாவது ரிம். பிரேக் டிஸ்க் வேறு. இந்தக் குழப்பத்திலேயே எனக்கு இரண்டு போன் அழைப்புகள் வீணாயின.)

அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி சக்கரத்தைக் கழட்டி முன்னாடி போடு தம்பி. இதைப் பின்னாடி மாட்டிக்க" என்றார். பின் பிரேக் சிறியது, அதனால் இந்த டிஸ்க் அங்கே உட்கார்ந்துவிட்டது. ஒரே ஜாக்கிதான் இருக்கிறது என்றால் வரிசை முக்கியம்: முதலில் பின்பக்கத்தைத் தூக்கி நல்ல சக்கரத்தைக் கழற்றி, அங்கே ஸ்டெப்னியைப் போட்டு இறக்க வேண்டும். அப்புறம்தான் முன்பக்கம். அந்த மனிதர் மட்டும் வராவிட்டால் அத்தையை உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். ஐம்பதுக்கு மேல் போகாமல், செக்கானூரணி, நாகமலை வழியாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை.

தப்பு என்னுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வண்டியைப் பழையதாக வாங்கும்போது டர்போ, கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்தேன். டிக்கியில் மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி டயரைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, "காத்து இருக்கு" என்று மூடிவிட்டேன். யாரோ இதன் சொந்த ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு, ஃபியட்டின் பழைய பேலியோ காருடைய 14 இஞ்ச் டிஸ்க்கை உள்ளே போட்டுவிட்டிருக்கிறார்கள் என்பது அந்த ராத்திரிதான் தெரிந்தது.

வண்டியில் இருப்பது 195/55 ஆர்16 அளவு டயர். தரையிலிருந்து உச்சி வரை கணக்குப் போட்டால் சுமார் 621 மில்லிமீட்டர். ஸ்டெப்னியில் இருந்தது 175/65 ஆர்14, அதாவது 583. ஆறு சதவீத வித்தியாசம். இதை இடிக்காமல் முன்பக்கம் மாட்ட முடிந்திருந்தால்கூட மாட்டக்கூடாது. முன்சக்கரம் இழுக்கிற வண்டி இது. ஒரு சக்கரம் சிறியதாக இருந்தால் நேர் ரோட்டில் போகும்போதும் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த விதத்தில் கேலிப்பர் இடித்தது நல்லதுக்குத்தான்.

சரி, புதிதாக ஒரு டிஸ்க் வாங்கிவிடலாம் என்று அடுத்த திங்கட்கிழமை பைபாஸ் ரோட்டுக்குக் கிளம்பினேன். இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

இது 2015 அக்டோபரில் வந்த வண்டி. 1.4 டி-ஜெட், 145 குதிரைத்திறன். இப்போது புன்டோ வகையறாவே சந்தையில் கிடையாது. ஃபியட்காரர்கள் போல்ட் ஓட்டைகளை 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் வைத்திருக்கிறார்கள். நம் ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி எல்லாவற்றுக்கும் அது 100. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். மொத்தத் தலைவலியும் அந்த இரண்டில்தான். நடு ஓட்டையும் வேறு: ஃபியட் ஹப் 58.1, மாருதி, ஹூண்டாய் டிஸ்க்குகளின் ஓட்டை 54.1. ஆகையால் ஸ்விஃப்ட் டிஸ்க் ஹப்பிலேயே நுழையாது. ஆபத்து என்னவென்றால், நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும் 100 டிஸ்க்குகள். மஹிந்திரா வெரிட்டோவுடையது 60.1. அது ஹப்பில் அழகாக நுழைந்துவிடும். போல்ட்டும் ஏறுகிற மாதிரி ஏறும். இறுக்கினால் ஒரு பக்கம் உட்காரும், எதிர்ப்பக்கம் உட்காராது. ஓடஓட லூசாகும்.

முதல் கடையில், "ஸ்டெப்னியே எதுக்கு சார்? இப்பல்லாம் கம்பெனியே தர்றதில்ல" என்றார்கள். 2020-இல் விதியைத் தளர்த்தியது உண்மைதான். ட்யூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தம் காட்டும் சென்சார் இத்தனையும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. என் வண்டியில் சென்சார் கிடையாது. இருந்தாலும்தான் என்ன, பக்கவாட்டில் இரண்டு விரல் நுழைகிற அளவு கிழிந்த டயரில் எந்தப் பசையை ஊற்றி அடைப்பது?

இரண்டாவது கடையில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி ஒன்றைக் காட்டினார்கள், எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது. எனக்கும் ஆசைதான். எடை குறைவு, டிக்கியில் இடம் மிச்சம். அளந்தால் 100.

மூன்றாவது கடையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வெரிட்டோ டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து, "மாட்டிப் பாப்போம்ணே, உக்காந்தா உக்காரட்டும்" என்றான் பையன். 98, 100 என்று நான் விளக்கினேன். முதலாளி உள்ளேயிருந்தே, "ரெண்டு எம்எம்மெல்லாம் ஒரு விஷயமாண்ணே? இங்கிட்டு டெய்லி மாட்டுறோம்" என்றார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பையன் ஏர் கன்னை வைத்து அழுத்திவிட்டான். கடகடவென்று ஒரு சத்தம். மூன்று போல்ட் ஏறிவிட்டன, நான்காவது சாய்ந்து பாதியில் நிற்கிறது. திரும்பக் கழற்றியபோது திரட்டு (போல்ட் ஏறும் மரை) சுருளாக வெளியே வந்தது.

மாருதி, ஹூண்டாய் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அந்த வண்டிகளில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட்டு. கெட்டுப்போனால் ஸ்டட்டைத் தட்டிவிட்டு வேறு போடலாம். ஃபியட்டில் போல்ட் நேராக ஹப்புக்குள் ஏறுகிறது. கெட்டால் கெடுவது ஹப். கேட்டதற்கு முதலாளி, "உங்க வண்டி முன்னாடியே அப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றார். பையனைத் திட்டவில்லை, என்னிடம் மன்னிப்பும் இல்லை. மாட்டுக்கூலி நூறு ரூபாய் மட்டும் கேட்டார். கொடுக்கவில்லை. இந்த முழுக் கதையிலும் நான் புத்தியோடு செய்த காரியங்களில் அது ஒன்று.

பழங்காநத்தம் பக்கம் ஒரு லேத்காரர் ஹப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "12-க்கு 1.25. மாருதித் திரட்டுதானே சார், டேப் இருக்கு." அதாவது 12 மில்லிமீட்டர் போல்ட், மரை இடைவெளி 1.25; டேப் என்பது இங்கே மரை வெட்டும் கருவி. அந்த நாளில் கேட்ட ஒரே நல்ல வார்த்தை. டேப்பை விட்டுச் சுத்தம் செய்து, புது போல்ட்டைக் கையாலேயே கடைசி வரை ஏற்றிக் காட்டினார். திரட்டின் ஆரம்பம்தான் அடிபட்டிருந்தது, உள்ளே பிழைத்துக்கொண்டது. முந்நூறு ரூபாய். அன்றிலிருந்து எந்தக் கடையிலும் முதல் நான்கைந்து சுற்றைக் கையால் ஏற்றாமல் கன்னைத் தொட விடுவதில்லை. பையன்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அடுத்தது திண்டுக்கல். போனில் ஒருவர், "98 தான் சார், டேப்பு வச்சு அளந்துட்டேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அரை நாள் லீவு, கொடைரோடு டோல், பெட்ரோல். போய் வெர்னியரை (நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்தால் 100. அவர் பொய் சொல்லவில்லை. இழுக்கிற டேப்பின் முனைக் கொக்கி கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்திலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும், மிச்சத்தைக் கண் தின்றுவிடும். நான்கு ஓட்டை டிஸ்க்கை அளப்பது சுலபம். ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை வெர்னியர் வைத்தால் வருவதுதான் பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் இருக்கும் அந்த 98, 100 வட்டத்தின் விட்டம். போனில் விசாரிக்கும்போது எண்ணைக் கேட்காதீர்கள், வெர்னியர் வைத்த போட்டோவைக் கேளுங்கள். முடிந்தால் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதையும். அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் போய் நிற்க வேண்டாம்.

நடுவில் ஒரு நண்பன், ஆடும் கழுத்து வைத்த போல்ட் வாங்கி 100 டிஸ்க்கை மாட்டிவிடச் சொன்னான். 98-க்கும் 100-க்கும் பாலம் போடவே அப்படி ஒரு போல்ட் உண்டு, பலர் அதை வைத்து அலாய் மாட்டி ஓட்டுகிறார்கள். பட்டப்பகலில் கடையில் நிதானமாக மாட்டுகிற சக்கரத்துக்கு அது சரி. நடுராத்திரி, மழையில், போன் வெளிச்சத்தில் நானே மாட்டப்போகிற சக்கரத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கை கொடுத்தது ஃபியட்டின் இன்னொரு கார், லீனியா. புன்டோவும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: அதே 98, அதே 58.1. சிவகாசியில் விபத்தில் நசுங்கிய லீனியா ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று என் மெக்கானிக்குக்குத் தகவல் வந்தது. முன்பக்கம் அப்பளம், டிக்கி அப்படியே. அதற்குள் 15 இஞ்ச் இரும்பு டிஸ்க், தரையையே பார்க்காதது மாதிரி இருந்தது. 195/60 ஆர்15 போட்டால் 615 மில்லிமீட்டர். என் டயரோடு ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு சதவீதத்துக்கும் கீழே. இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார், ஆயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது. பேரம் பேசும்போது முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமல் இருக்கத்தான் படாத பாடு பட்டேன்.

டயர் வாங்குவதில் சிக்கல் இல்லை, ஒன்றைத் தவிர. முதலில் கொண்டுவந்த "புது" டயரின் ஓரத்தில் 3619 என்று இருந்தது. 2019-இல் முப்பத்தாறாவது வாரம். விற்காமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஸ்டெப்னி டயர் தேயாது, கிடந்தே சாகும். அதனால் இதில்தான் தேதி அதிகமாகப் பார்க்க வேண்டும். மாற்றித் தரச் சொன்னேன், முனகிக்கொண்டே மாற்றினார்கள். பேலன்சிங் மிஷினில் போட்டுச் சுற்றவிட்டபோது டிஸ்க் ஆடாமல் சுற்றியது. நெளிவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டு வாசலில். புது ஸ்டெப்னியை நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் போல்ட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணினேன். எட்டுக்குக் குறையக் கூடாது என்று லேத்காரர் சொல்லியிருந்தார், எனக்கு எட்டுக்கு மேலேயே வந்தது. இறுக்கிய பின், ஜாக்கியிலிருந்து இறக்குவதற்கு முன் கையால் சுற்றிப் பார்த்தேன். அலாய்க்கான போல்ட் இரும்பு டிஸ்க்குக்கு நீளமாகிப்போனால் முனை உள்ளே போய் எதையாவது உரசும். சத்தம் இல்லை. முன்பக்கம் கேலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே என் சுண்டு விரல் போனது. மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: முன் இடது சரி, முன் வலது சரி.

எதிர்வீட்டுப் பெரியவர் காலையில் பேப்பர் எடுக்க வந்தபோதும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன், மாலையில் வாக்கிங் கிளம்பும்போதும் கழற்றிக்கொண்டிருந்தேன். "எத்தனை பஞ்சர் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காற்று மட்டும் வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூட வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் கிடந்தால் தானாக இறங்கும், குறைப்பது சுலபம், செல்லம்பட்டியில் ஏற்றுவது கஷ்டம்.

பழைய பேலியோ டிஸ்க் எங்கள் மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. 14 இஞ்ச், 98, நெளிவு இல்லை, வெர்னியர் வைத்துப் பார்த்தாயிற்று. இன்னும் பேலியோ ஓட்டுகிறவர் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். தொட்டியை நகர்த்த மட்டும் ஒரு கை கொடுக்க வேண்டும்.