மெம்பிஸில் மேவிஸ் ஸ்டேபிள்ஸின் குரலைத் தேடி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகைக்கே விரைகிறார்கள். அதன் நுழைவுக்கட்டணத்தைப் பார்த்ததும் நான் அதைத் தயக்கமின்றி விலக்கிவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது மெக்லெமோர் அவென்யூவில் உள்ள, ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகம். அதற்குக் காரணம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ்.

அங்கு அழைத்துச் சென்ற வாடகைக்கார் ஓட்டுநர், ஏறும்போது பேசிய தொகையை இறங்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று வாதிட்டார். அன்றைய மதிய உணவுக்கு ஒதுக்கியிருந்த பணம் அப்படியே அவரிடம் போனது இன்னும் எரிச்சலாகவே இருக்கிறது.

ஸ்டாக்ஸ் நிறுவனம் 1975இல் நொடித்துப்போயிற்று. 1989இல் இடிக்கப்பட்ட அதன் ஒலிப்பதிவுக்கூடம் இருந்த இடத்திலேயே 2003இல் இந்த அருங்காட்சியகம் எழுந்தது. உள்ளே முதலில் நிற்பது மிசிசிப்பியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பழைய மரத் தேவாலயம். கூட்டம் ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேய்ஸின் தங்க முலாம் விளிம்புகள் கொண்ட காடிலாக் காரைப் படமெடுக்க ஓடுகிறது. என்னைக் கேட்டால், அங்கே நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் இந்தத் தேவாலயம்தான். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மேவிஸின் தந்தை பாப்ஸ் ஸ்டேபிள்ஸ், தம் பிள்ளைகளுக்குத் தாமே பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அவர்களைத் தேவாலயம் தேவாலயமாக அழைத்துச் சென்றவர். 1939இல் பிறந்த மேவிஸ்தான் அந்தக் குழுவில் இளையவர். ஆயினும் 1956இல் வெளிவந்த ‘அன்கிளவுடி டே’ பாடலில் ஒலிக்கும் அவருடைய கனத்த அடிக்குரலைக் கேட்டவர்கள், பாடுவது ஒரு சிறுமி என்று நம்ப மறுத்தார்கள்.

மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளால் ஈர்க்கப்பட்டு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாடல்களின் பக்கம் திரும்பிய இக்குடும்பக் குழு, 1968இல் ஸ்டாக்ஸில் இணைந்தது. 1972இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த இவர்களின் ‘ஐல் டேக் யூ தேர்’ பாடலுக்கு இசைக்கலைஞர்கள் வாசித்தது மெம்பிஸில் அன்று, அலபாமாவின் ஷெஃபீல்டில் உள்ள மஸில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவில். பாடலின் நடுவே மேவிஸ் பேஸ் கிடார் வாசிக்கும் டேவிட் ஹூட்டைப் பெயர் சொல்லி அழைப்பார். அந்தச் சிறிய கூடத்தைக் காணவேண்டும் என்பதற்காகவே விடுதியை மலிவானதாக மாற்றிக்கொண்டு, மிச்சப் பணத்தில் கார் எடுத்தேன். வழியில் உண்ட கெளுத்தி மீன் வறுவலும், மக்காச்சோள ரொட்டியும், மிளகாய் வினிகர் தெளித்த கீரையும் இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு. விலையோ மெம்பிஸில் கேட்டதில் பாதிதான்.

1969இலேயே தனித் தொகுப்பு வெளியிட்ட மேவிஸுக்குத் தனிப் பாடகியாக உரிய இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆனது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. 2000இல் தந்தை மறைந்த பிறகும் அவர் ஓயவில்லை. 2010இல் வெளிவந்த ‘யூ ஆர் நாட் அலோன்’ தொகுப்புக்குக் கிராமி விருது வந்தபோது அவருக்கு வயது 71. மெம்பிஸில் ஒரு நுழைவுச்சீட்டுக்கு மட்டுமே பணம் இருப்பவர்கள் தயங்காமல் ஸ்டாக்ஸுக்குச் செல்லலாம். கார் கட்டணத்தை மட்டும் ஏறுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.