மைசூர் பட்டில் நூர்: எழுத்துகள் ஒருவழியாக நேராக நின்றுவிட்டன

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்த நூர் இனாயத் கான் நினைவாக எம்பிராய்டரி போட ஆரம்பித்த பட்டுத் துண்டில் எழுத்துப் பகுதி நேற்று ராத்திரி முடிந்தது. சட்டத்திலிருந்து கழற்றிய பிறகும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை, அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

நூர் வேலை செய்த எஸ்ஓஇ என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பு போரின்போது தன் ஆட்களுக்குச் சங்கேத எழுத்துகளைப் பட்டில் அச்சடித்துக் கொடுத்தது. காகிதம் மாதிரி சரசரக்காது, கோட்டு லைனிங்குக்குள் வைத்துத் தைத்தால் தடவிப் பார்க்கிறவன் கைக்குத் தட்டுப்படாது, ஒரு வரியைப் பயன்படுத்தியதும் வெட்டி எரித்துவிடலாம். அதனால் என் துண்டிலும் ஐந்தைந்து எழுத்துகளாக வரிசைகள், கீழ் ஓரம் வெட்டுப்பட்டபடி. மைசூர் பட்டுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு: நூர் திப்பு சுல்தானின் வழிவந்தவர், மைசூருக்குப் பட்டு வளர்ப்பைக் கொண்டுவந்தவர் திப்பு.

ஆனால் மைசூர் பட்டு க்ரேப் வகைத் துணி, லேசில் கைக்கு அடங்காது. முறுக்கேற்றிய நூலில் நெய்தது என்பதால் இழுத்த பக்கம் நீளும், விட்டதும் சுருங்கித் தையலைக் குவித்துவிடும். அடியில் மெல்லிய மல் துணி வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, வட்டமான ஹூப்பை ஒதுக்கிவிட்டு மரச்சட்டத்தில் கட்டியதும்தான் துணி அடங்கியது.

அதைவிடப் பெரிய தலைவலி, எழுத்தை வரைவது. தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஆகாது, நனைந்தால் க்ரேப் சுருங்கும். சூட்டில் மறையும் பேனா பட்டில் வெளுத்த தடம் விடுகிறது. கடைசியில் டிஷ்யூ பேப்பரில் எழுதி, மேலே வைத்துத் தைத்துக் கிழிப்பதுதான் வழி. கிழிக்கிற இடத்தில்தான் உயிர் போகும்! அரை சென்டிமீட்டர் எழுத்து, ஒற்றை இழை, பேக் ஸ்டிச் என்ற பின்தையல். பேப்பரை வெடுக்கென்று இழுத்தால் தையல் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கோட்டின் இரண்டு பக்கமும் ஊசி முனையால் மெல்லக் கீறி, தையலை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ட்வீசரால் பேப்பரைத் தையலை ஒட்டியே பக்கவாட்டில் உருவ வேண்டும். R, B மாதிரி எழுத்துகளின் வயிற்றுக்குள் மாட்டிய துணுக்கைக் கடைசியில் எடுங்கள். கொக்கி முனை உள்ள ஆரி ஊசியில் சங்கிலித் தையலாகப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று தோழி சொன்னாள், ஆனால் இந்த அளவுக்குச் சங்கிலித் தையல் தடிமன்.

பட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆன்லைனில் ஒரு கடை சுத்தப் பட்டு என்று அனுப்பியதில் ஒரு இழையை உருவிக் கொளுத்தினேன், உருகி மணியாக இறுகியது, அத்தனையும் பாலியெஸ்டர்! பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். சௌகார்பேட்டையோ மைசூரோ, நேரில் போய்த் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

அடுத்து ஓரத்தில் மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாக எழுதும் தந்திக் குறியீடு. நூருடைய சங்கேதப் பெயர் 'மேடலின்' ஆங்கில எழுத்தில் (Madeleine) 12 புள்ளி, 6 கோடு. புள்ளிக்கு ஃபிரெஞ்ச் நாட் என்ற முடிச்சு, ஒரே சுற்று, ஊசி ஏறிய ஓட்டையிலேயே இறக்காமல் ஒரு இழை தள்ளி. 1943 ஜூனில் லைசாண்டர் விமானத்தில் பிரான்சில் இறங்கிய நூர், ஜெர்மானியர் பிடியிலிருந்த அந்த நாட்டுக்குப் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர். சில நாளிலேயே கூட இருந்தவர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள், திரும்பி வரச் சொல்லியும் வரவில்லை. வயர்லெஸ் பெட்டியோடு பாரிஸில் இடம் மாறி இடம் மாறி அக்டோபரில் பிடிபடும் வரை செய்தி அனுப்பினார். 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள், வயது 30. வீரத்துக்காக பிரிட்டன் தரும் ஜார்ஜ் கிராஸ் விருது 1949ல் வந்தது. அந்தப் பெயரைக் கோணலாகத் தைக்க எனக்கு மனம் வராது, அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அளவு வைத்துத்தான் போடுவேன்.

மோர்ஸ் ஓரம் ஆரம்பிக்கும் முன்பே அடுத்த துண்டுக்குப் படம் வரைந்துவிட்டேன். போருக்கு முன் நூர் குழந்தைகளுக்கு, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை எழுதியவர். தன் கூட்டம் தப்பிக்க உடம்பையே பாலமாக நீட்டிய குரங்கு அரசன் கதையை எடுத்திருக்கிறேன். குரங்கின் ரோமத்துக்கு லாங் அண்ட் ஷார்ட் தையல், அதற்குப் பழுப்பில் ஏழெட்டு ஷேடாவது வேண்டும், முறுக்கில்லாத பட்டு நூலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.