வரி என்று எழுதாதீர்கள்

தாமிரபரணிக் கரையில் ஒரு நகராட்சியில் சொத்துவரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்தேன். என் வார்டில் ஒரு மத்திய அரசு அலுவலகம், அதை ஒட்டியே ஊழியர் குடியிருப்பு. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் நிலுவை அரையாண்டுக்கு அரையாண்டு ஏறிக்கொண்டே போகும். எதிரே டீக்கடை அண்ணாச்சி ஒரு அரையாண்டு தவறினாலும் நான் போய் நிற்பேன். "அங்க கேக்க மாட்டீரு, எங்கிட்ட மட்டும் வந்துருவீரு" என்பார்.

அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போடக் கூடாது என்கிறது. ஆனால் தெருவிளக்கு, குப்பை, சாலைக்கு என்று சேவைக் கட்டணம் கேட்கலாம். 2009-ல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் இதற்குக் கணக்கே வந்துவிட்டது: எல்லா வசதியும் பெற்றால் சொத்துவரியில் 75 சதவீதம், கொஞ்சம் பெற்றால் 50, எதுவுமே பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. அரசுக் கம்பெனி என்றால் கதை வேறு. கம்பெனி வேறு, அரசு வேறு என்று 1999-லேயே தீர்ப்பு இருக்கிறது. அங்கே முழு வரிதான். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு மின் நிறுவனம் வரிக்குப் பதிலாக மின் விற்பனை வருமானத்தில் 5 சதவீதத்தை மாநிலங்களுக்கும், நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளுக்கும் கொடுக்கிறது. அதிலே குப்பை வண்டி வந்ததா வரவில்லையா என்ற பேச்சே கிடையாது. எனக்கு அந்த முறை பிடித்திருந்தது.

எங்கள் முதல் நோட்டீஸ் அப்படியே திரும்பி வந்தது. காரணம், அச்சடித்த படிவத்தில் 'சொத்துவரி' என்று இருந்தது. அங்கிருந்த கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். "சார், வரின்னு எழுதாதீங்க, ஆடிட்ல என் கழுத்தைப் பிடிப்பான்" என்றார். சரி என்று 'சேவைக் கட்டணம்' என்று தட்டச்சு செய்து, தீர்ப்பின் நகலையும் இணைத்துக் கொண்டுபோனேன்.

அடுத்த சிக்கல் சதவீதம். சொந்த போர்வெல், சொந்த செப்டிக் டேங்க், குப்பையைத் தாங்களே குழியில் கொட்டுகிறோம். ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் என்றார்கள். கூட்டாகப் பார்வையிட நாள் குறித்தோம். ஐப்பசி, முந்தின ராத்திரி நல்ல மழை. குடியிருப்பின் பின்சுவரில் ஒரு ஓட்டை. அது வழியாக வளாகத்துத் தண்ணீர் முழுதும் எங்கள் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. மிதந்து வந்த சோப்பு நுரையையும் கண்காணிப்பாளர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. 50 சதவீதத்துக்குக் கையெழுத்தானது.

காசோலை வர மேலும் இரண்டு அரையாண்டு ஆயிற்று. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்களுக்குப் பாதின்னா, எனக்கும் பாதி போடும்வே" என்றார்.