மாஜி சலாமா

அந்தக் குவளையை நான் வாங்கியிருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் யோசிக்க ஆரம்பிக்கிறேன். ரெண்டு நிமிடம் போனால், ஊரே கூடி நின்று நீட்டும்போது வாங்காமல் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன்.

420 அடியில் ரெண்டு இஞ்சு தண்ணி. போர் போட்டது திருச்செங்கோட்டு வண்டி. நான் போனது மோட்டார் இறக்க, சோலார் பேனல் மாட்ட, டேங்க் ஸ்டாண்டைச் சரிபார்க்க. தான்சானியாவில், அருஷாவுக்கு வடக்கே, மேரு எரிமலை தெரிகிற ஒரு கிராமம். முதல் கால் மணி நேரம் கலங்கலாக வந்தது, அப்புறம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை விட்டேன், 410 காட்டியது. பல்லடத்துப் பக்கம் 2000 காட்டுகிற தண்ணியில் வளர்ந்தவனுக்கு 410 என்றால் தேன்.

தலைமையாசிரியர் ஒரு பச்சை பிளாஸ்டிக் குவளையில் பிடித்து நீட்டி, "மாஜி சலாமா" என்றார்.

மாஜி என்றால் தண்ணீர் என்று வழியிலேயே தெரிந்துகொண்டிருந்தேன். விமான நிலையத்திலிருந்து அருஷா போகும் ரோட்டில் 'மாஜி யா சாய்' என்று ஓர் ஊர் வரும். டீத் தண்ணி என்று டிரைவர் அர்த்தம் சொன்னார். சலாமா என்றால் பத்திரமானது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு "சலாமா, சலாமா" என்றேன். கூட வந்த பையனிடம், "சிறுவாணித் தண்ணியாட்ட இருக்குது கண்ணு" என்றும் சொன்னேன். எனக்குப் பின்னால் மஞ்சள் கேன்கள் நகர ஆரம்பித்துவிட்டன.

சோதனை முடிவு நான் கோயமுத்தூர் வந்து பன்னிரண்டாம் நாள் வந்தது. ஃபுளோரைடு லிட்டருக்கு 4.6 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 1.5. குடிநீருக்கான நம் ஐஎஸ் 10500 தரத்திலும் 1 தான் ஏற்புடையது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ஆறு வருடம் தருமபுரிப் பக்கம் மோட்டார் சர்வீஸ் பார்த்தவன் நான். பல்லெல்லாம் கறை படிந்து, கிணற்றடியில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் தண்ணியை தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனதற்கே இந்த ஃபுளோரைடுதான் காரணம். இதற்கு ருசி கிடையாது, வாசம் கிடையாது. டிடிஎஸ் பேனாவுக்கும் தெரியாது. காய்ச்சினால் தண்ணிதான் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். எரிமலைப் பாறை, சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்மையான தண்ணி, இரண்டும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே இதைத்தான். சிறுவாணி மாதிரி என்று நாக்கு சொன்னபோது மூளை எங்கே போயிருந்தது?

ஆனால் ஒப்படைப்புப் படிவத்தில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். 'நீரின் தரம்' என்ற இடத்தில் 'முடிவு வர வேண்டும்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கோபியில் வக்கீலாக இருக்கும் அக்கா மகனிடம் எல்லாத் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகும்முன், என்னை அனுப்பிய சங்கத்தில் கையெழுத்து வாங்கிய ரெண்டு பக்கத் தாளையும்தான்.

"மாமா, இது நீங்க ஸ்டாண்டுல இருந்து விழுந்தா சங்கத்தக் கேக்கமாட்டேன்னு எழுதிக் குடுத்ததுங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு ஏதாச்சும் ஆனா யார் பொறுப்புன்னு இதுல ஒரு வரி இல்லீங்க."

பயணக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருந்தது. தொழில் சார்ந்த வேலையால் வருவதற்குப் பொருந்தாது என்று அதற்குக் கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. "நான் சம்பளமே வாங்கலியே" என்றேன்.

"சம்பளம் வாங்காட்டி என்னங்க மாமா? இஞ்சினியர்னுதானே கூட்டிட்டுப் போனாங்க?"

சம்பளம் வாங்காததால் இன்னொரு பக்கமும் அடைபட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலைக்காரனுக்குத்தான். எனக்குக் கால் ஒடிந்திருந்தாலும் அதில் இடம் இல்லை. அடிபட்டால் தொண்டன், தப்பு செய்தால் இஞ்சினியர்.

ஆறுதலுக்கு அவன் ஒரு வழக்கைச் சொன்னான். வங்கதேசத்தில், குளத்துத் தண்ணி குடித்துச் சாகிறார்களே என்று லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள், பல கிணறுகளில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தது. 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வாளர்கள் அங்கே கிணற்றுத் தண்ணியைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பாதிக்கப்பட்ட கிராமத்தார் ஒருவர் லண்டன் வரை போய் வழக்குப் போட்டார். 2006-இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. தண்ணீர் விநியோகம் அவர்கள் கையில் இல்லை, அந்த மக்களுக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை என்பது தீர்ப்பு.

"அவங்களே தப்பிச்சாச்சு. நீங்க பேப்பர்ல சுத்தமுங்க மாமா."

பேப்பரில் சுத்தம்தான். அந்த ஆய்வாளர்கள் யாரும் ஊர் பார்க்க வாங்கிக் குடித்து "சலாமா" என்று சொல்லவில்லையே.

சங்கச் செயலாளர் வேறு மாதிரிப் பேசினார். "அண்ணா, மோட்டார் நம்முளுது, தண்ணி அவுங்க பூமியோடதுங்க. போர்டெல்லாம் வெச்சாச்சு. இப்பப் போயி இதக் கிளப்பலாமுங்களா?" கோபம் வந்தது. ஆனால் யோசித்தால், முன்பு அவர்கள் குடித்த ஓடைத் தண்ணியில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்ததில்லை. அந்த மலையைச் சுற்றி அது இன்னும் அதிகமாகக்கூட இருந்திருக்கலாம். அந்த நாட்டிலேயே ஒரு காலத்தில் கிராமத் தண்ணிக்கு 8 மில்லிகிராம் வரை அனுமதித்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு குறைந்திருக்கும். பெண்கள் நடக்கிற தூரம் குறைந்திருக்கும். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போது என் குரல் செயலாளர் குரல் மாதிரியே இருக்கிறது.

தார் எஸ் ஸலாமுக்குத் துணி அனுப்பும் திருப்பூர் நண்பர் ஒருவருக்கு சுவாஹிலி தெரியும். தலைமையாசிரியர் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் சொன்னேன். "கேள்வின்னு எப்படிங்க சொல்றீங்க?" என்றார். அந்த மொழியில் நம் 'ஆ' கிடையாதாம். சலாமா என்பதே முழுச் சொல். குரலை ஏற்றினால் கேள்வி, ஏற்றாவிட்டால் 'பத்திரமான தண்ணி' என்று அவரே சொன்னதாக அர்த்தம். தமிழ்க் காதில் அது கேள்வியாக விழுந்துவிட்டது. அவர் என்னைக் கேட்கவே இல்லையோ? மனசு கொஞ்சம் லேசானது. அவர் கேட்காதபோதும் சான்று கொடுத்திருக்கிறேனே என்று சாயங்காலம் அதுவும் போய்விட்டது. அவர் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். என் குரல்தான் கேட்கிறது.

ஜனவரியில் அடுத்த பயணம். அதே ரெண்டு பக்கத் தாள் வந்திருக்கிறது. வரமாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்றே தலைமையாசிரியருக்கு வாட்ஸப்பில் எழுதிவிட்டேன்: குளிக்க, துவைக்க, மாட்டுக்கு மட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், குடிக்க மழைத் தண்ணியைத் தனியாகப் பிடியுங்கள். ஒரு கட்டை விரல் வந்தது. போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். டேங்க் அடியில் புதிதாக சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறது. குழாய்ப் பக்கத்தில் கம்பி கட்டி, அந்தப் பச்சைக் குவளையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.