உயிருள்ள மண்கலவை: கலப்பதைவிட ஆற விடுவதுதான் வேலை

மாடித்தோட்டத்துக்கு மண் கலக்கும் பலர் செம்மண், கோகோபீட் (தென்னைநார்க் கழிவுத் தூள்), மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கொட்டிக் கிளறி அன்றைக்கே நாற்று நட்டுவிடுகிறார்கள். முதல் மாதம் செடி நன்றாகத்தான் வரும். அப்புறம் கலவை பைக்குள் நாலு விரல்கடை இறங்கும், ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும், கீழ் இலை மஞ்சளாகும். உடனே இன்னும் கொஞ்சம் உரம் போடுவார்கள். உண்மையில் அங்கே குறைவது பெரும்பாலும் உரம் அல்ல. ஒன்று, வேருக்குக் காற்று இல்லை. இல்லாவிட்டால் கலவை இன்னும் மக்கி முடியவில்லை.

நான் போடும் அளவு 10 லிட்டர் வாளிக் கணக்கு: சலித்த செம்மண் 3 வாளி, கழுவிய கோகோபீட் இரண்டரை, நன்றாக மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் சேர்ந்து இரண்டரை, கருக்கிய உமி 2. எடைக்கணக்கில் வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ, எலும்புத் தூள் 300 கிராம். பத்து வாளி கொட்டினாலும் கலந்தபின் எட்டரை, ஒன்பது வாளிதான் தேறும். 12×12 அங்குல குரோபேக் (செடி வளர்க்கும் பை) நாலு நிரம்பும். கடலைப் புண்ணாக்கை இந்தக் கலவையில் சேர்ப்பதில்லை. சூடு கிளப்பும், எறும்பையும் எலியையும் கூப்பிடும். அதைப் பின்னால் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

செம்மண்ணை வாங்கும்போதே ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம், அல்லது கட்டட இடிபாடு கலந்திருக்கிறது. அந்த லோடு வேண்டாம். உமி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். கருக்கிய உமி என்றால் கறுப்பாக, உமியின் வடிவம் குலையாமல் இருக்க வேண்டும். அரிசி ஆலையில் சாக்குக் கணக்கில் கிடைக்கும் சாம்பல் நிறப் பொடி முழுக்க எரிந்த சாம்பல். அதில் காரத்தன்மை தூக்கலாக இருக்கும், காற்றோட்டமும் தராது. கருக்கியது கிடைக்காவிட்டால் பச்சை உமியே போடலாம். மெதுவாகத்தான் மக்கும், உள்ளே தப்பிய நெல் சில முளைக்கும், பிடுங்கிவிட்டால் போயிற்று.

கோகோபீட்டில்தான் பொறுமை வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். டிரம்மில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய நிழல்வலையில் கட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி பிழிய வேண்டும். மொத்தம் மூன்று தடவை. முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கும். நிறம் வெளுத்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். தென்னை மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் கடைசியில் பிழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீரைவிட 200 பிபிஎம்முக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் இன்னொரு தடவை கழுவ வேண்டும்.

தொழுவுரத்தைச் சலிக்காமல் போடாதீர்கள். மாட்டுக்கொட்டகைக் குவியலில் காண்டாமிருக வண்டின் புழு இருக்கும்: வெள்ளை உடல், பழுப்புத் தலை, தொட்டால் வளைந்து சுருண்டுகொள்ளும், விரல் தடிமன் வரும். பைக்குள் போய்விட்டால் மட்குகிற பொருளோடு வேரையும் கடிக்கும். சலித்த தொழுவுரத்தில் 2 கிலோ தனியாக எடுத்து, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) 20 கிராம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நனைத்த சாக்கால் மூடி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதி பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கடைச் சரக்கில் உயிர் இருக்காது.

இனிமேல்தான் கலப்பது. எல்லாவற்றையும் நிழலில் ஒன்றரை அடி உயரத்துக்குக் குவித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரானால் முந்தைய நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் குறையட்டும். சாக்கால் மூடி நாலு நாளுக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். முதல் வாரம் கையை உள்ளே விட்டால் சூடு தெரியும். சூடு அடங்கி, புண்ணாக்கு வாடை போய், மழை பெய்த மண் வாசம் வரப் பதினைந்து முதல் இருபத்தொரு நாள் ஆகும். அந்த நிலையில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி 50 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். டிரைக்கோடெர்மாவோடு அன்றைக்கே சேர்த்துப் போடுவதில்லை. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

நட்டுவிடலாமா என்பதற்கு முள்ளங்கி விதை பதில் சொல்லும். ஒரு தொட்டியில் இந்தக் கலவை, இன்னொன்றில் வெறும் செம்மண், இரண்டிலும் பத்துப் பத்து விதை. கலவையில் முளைப்பு குறைந்தாலோ, வேர்நுனி பழுப்பாகக் கருகியிருந்தாலோ இன்னும் ஒரு வாரம் ஆற விடுங்கள்.

சிக்கல்களுக்கு வருவோம். குவியலில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை. பிரித்துப் பரப்பி, ஒரு வாளி உமி சேர்த்து, இரண்டு நாள் தண்ணீரே காட்டக்கூடாது. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் புண்ணாக்கு கூடிவிட்டது, அல்லது யாரோ சாம்பல் போட்டிருக்கிறார்கள். அதற்குக் காய்ந்த இலைச்சருகு சேர்த்துப் புரட்டுவதே போதும்.

மேலே வெள்ளை நூல் படர்ந்தால் பயந்து மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது மட்க வைக்கும் பூஞ்சைதான், நல்ல அறிகுறி. ஆனால் வெள்ளை நூல் செடியின் தண்டடியைச் சுற்றி ஏறி, அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம், கழுத்தழுகல் நோய். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். மட்குக் குழிக்குக்கூட போகக்கூடாது. அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மஞ்சள் இலையை எந்த இடத்தில் என்று பார்க்காமல் உரம் போடாதீர்கள். கீழ் இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பற்றாக்குறை. மக்காத தென்னைநார்க் கழிவில் கார்பன்–தழைச்சத்து விகிதம் நூறுக்கு மேல் இருக்கும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். இதற்கு ஜீவாமிர்தக் கரைசல் கைகொடுக்கும்: 500 கிராம் சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் கடலை மாவு, ஒரு பிடி மண், 10 லிட்டர் தண்ணீர். நிழலில் இரண்டு நாள் வைத்து ஜீவாமிர்தமாக்கி, பத்து மடங்கு தண்ணீரில் வாரம் ஒரு தடவை ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரின் காரத்தன்மை, எவ்வளவு ஜீவாமிர்தம் விட்டாலும் தண்ணீர் மாறாமல் தீராது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பை ஓரத்தில் வெள்ளைப் பொருக்கும் இலைநுனிக் கருகலும் அதன் கணக்கு. மழைத்தண்ணீர் பிடித்து, கீழே நன்றாக வடியும்வரை விட்டு அலசுவதே வழி.

ஊற்றிய தண்ணீர் ஓரமாக இறங்கி உடனே வெளியே ஓடினால் கலவை நன்கு நனைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஒரேயடியாகக் காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காது. பையை அப்படியே டப்பில் தூக்கி வைத்து அரை மணி அடியிலிருந்து ஊற விடுங்கள். அதன்பின் இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு போட்டால் மறுபடி இந்த நிலை வராது. மூடாக்கின் அடியில் குட்டிக் கறுப்பு ஈ பறந்தால் மேல்மண் ஓயாத ஈரம். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு தூவுங்கள்.

அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தண்டை மண் மட்டத்தில் அறுத்து, வேரை உள்ளேயே மட்க விடுவது என் வழக்கம். இறங்கிய அளவுக்கு மண்புழு உரமும், 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் அதே பை அடுத்த போகத்துக்குத் தயார். தக்காளி, கத்திரி, வெண்டை மூன்றுக்கும் மட்டும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணை ஈரப்படுத்தி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, கடும் கோடை வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் போட்டு வையுங்கள். அந்த வெப்பத்தில் நல்ல நுண்ணுயிர்களும் பெருமளவு சாகும் என்பதால், தாளை எடுத்தபின் டிரைக்கோடெர்மா ஏற்றிய தொழுவுரம் சேர்த்து மறுபடி ஆற வைத்து, முதல் போகத்துக்கு நூற்புழுவை அடக்கும் செண்டுமல்லி போடுங்கள்.